பின்வாங்கல் ஓர் எழுத்துப்பிழை

ஜெனரல் நுமாஜிரி எனக்கு எழுதிய கடிதங்களில் மறக்க முடியாதது இது: "தங்கள் உத்தரவில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. 'பின்வாங்குக' என்று பதிவாகிவிட்டது. 'முன்னேறுக' என்று திருத்திப் படித்துக்கொண்டோம். பேரரசு வாழ்க!"

அந்தக் கடிதம் வந்தபோது அவருடைய படையில் பாதிப்பேர் புல்லைத் தின்றுகொண்டிருந்தார்கள். மீதிப்பேருக்குப் புல்லும் கிடைக்கவில்லை.

பயப்பட வேண்டாம். ஜெனரல் என்று ஓர் ஆள் கிடையாது. பெருங்குடியில், ஆறாவது மாடியில், லிஃப்டுக்கு எதிர் அறையில் ஓர் அலமாரி நிறைய கம்ப்யூட்டர், அதுதான் அவர். எங்கள் கம்பெனி பழைய படைகளை மறுபடி உருவாக்குகிற கம்பெனி. ஒரு படையின் உத்தரவுகள், தந்திகள், நாட்குறிப்புகள், விதிப்புத்தகங்கள் எல்லாவற்றையும் கொட்டி அரைத்தால் அந்தப் படை யோசித்த மாதிரியே யோசிக்கிற ஒரு மூளை கிடைக்கும். ராணுவப் பயிற்சிக் கல்லூரிகளில் மாணவர்கள் அதோடு போரிட்டுப் பழகலாம். முதல் தயாரிப்பாக எங்கள் முதலாளி பூவராகன் தேர்ந்தெடுத்தது, 1944இல் பர்மாவிலிருந்து மலை தாண்டி இம்பாலைப் பிடிக்க வந்த ஜப்பானியத் தரைப்படை. நிஜத் தளபதிகளின் பெயர்களை வைத்தால் வம்பு வரும் என்று நுமாஜிரி என்ற பெயரைச் சூட்டியதும் அவர்தான்.

என் பெயர் தில்லைநாயகி. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஜப்பானியப் பொறியாளர் "கொஞ்சம் சிரமம்தான்" என்று சொன்னால் "முடியவே முடியாது" என்று தமிழில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால்தான் பூவராகன் என்னை அழைத்தார்.

"தில்லை மேடம், நீங்கதான் டோக்கியோ" என்றார் முதல் நாளே.

"புரியலையே சார்."

"நம்ம ஜெனரலுக்கு மேல டோக்கியோவுல ஒரு தலைமையகம் இருக்கணும்ல? அந்த உத்தரவெல்லாம் நீங்க எழுதுவீங்க. அவரு அனுப்புற அறிக்கையைத் தமிழாக்கி எனக்குத் தருவீங்க. சிம்பிள்."

இப்படியாக, ஜன்னல் பக்கம் ஒரு சுழல் நாற்காலியில், பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு, நான் டோக்கியோ ஆனேன்.

ஜெனரலோடு முதல் வாரம் சிரிப்பாகத்தான் போனது. மூன்று வாரச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு படை கிளம்பியது. நான்காவது வாரம் என்ன சாப்பிடுவீர்கள் என்று டோக்கியோவாகிய நான் கேட்டேன். எதிரியின் கிடங்கைப் பிடித்துச் சாப்பிடுவோம் என்று பதில் வந்தது. பிடிக்க முடியாவிட்டால்? 'அந்தக் கேள்வி மனவலிமைக் குறைவைக் காட்டுகிறது' என்று வந்தது. ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், நடந்து வருகிற சாப்பாடு என்ற கணக்கில். பாதி மாடுகள் ஆற்றோடு போயின. 'கால்நடைப் பிரிவு ஆற்றை வீரத்துடன் எதிர்கொண்டது' என்று அறிக்கை வந்தது. இதில் எதுவும் நாங்கள் கற்பனை செய்து ஊட்டியதல்ல. மாடுகளும் மூன்று வாரச் சாப்பாடும் சரித்திரத்திலேயே இருக்கின்றன.

கடற்படையை இன்னோர் அலமாரியில் வைத்திருந்தோம். இரண்டு அலமாரிகளும் பேசிக்கொள்ளவே இல்லை. மழை வருமா என்று தரைப்படை கேட்டால் கடற்படை சொல்லாது. கப்பல் மூழ்கியதையும் சொல்லாது. கம்பி இணைப்பில் கோளாறோ என்று இரண்டு நாள் தேடிய பிறகு அருள்மேரி சொன்னாள்: "கோளாறு இல்லக்கா. கரெக்டா வேலை செய்யுது. அவங்க அப்பிடித்தான் இருந்திருக்காங்க."

அருள்மேரி தூத்துக்குடிப் பெண். மூளைகளைக் கட்டுகிற பொறியாளர். மலை, ஆறு, மழை, எதிரி எல்லாம் அவள் பொறுப்பு. சாப்பாட்டு டப்பாவில் எனக்கும் சேர்த்துக் கருவாடு கொண்டுவருவாள்.

மூன்றாவது வாரம் அவள்தான் நாட்குறிப்புகளைக் காட்டினாள்.

ஜப்பானியச் சிப்பாய்களுக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. செத்தவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து எதிரி படித்துத் தெரிந்துகொண்ட ரகசியங்கள் ஏராளம். எங்கள் மூவாயிரம் சிப்பாய் மூளைகளும் அதே பழக்கத்தோடு எழுதிக்கொண்டிருந்தன. எங்களில் யாரும் படிக்கவில்லை. முதலில் படித்தவள் நான். படித்த முதல் நாட்குறிப்பு டோமோகிச்சி என்ற சிப்பாயுடையது. நெல் விளைவிக்கிற குடும்பம், வயது இருபத்து நான்கு, வீட்டில் அம்மாவும் ஒரு பெர்சிமன் பழமரமும்.

"இன்று சார்ஜென்ட் கார்ப்பரலை அறைந்தார். கார்ப்பரல் என்னை அறைந்தார். எனக்குக் கீழே யாரும் இல்லை. சுமை தூக்க வந்த பர்மாக்காரக் கிழவரை அறைந்தேன். அவர் அரிசி மூட்டையைக் கீழே போடவில்லை. ராத்திரி முழுக்கக் கை வலித்தது."

இந்தப் படைமேல் எனக்குப் பரிவு வரக் காரணமே கிடையாது. சயாம் ரயில்பாதை போட இதே படை மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்களை அள்ளிக்கொண்டு போனது. எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்குச் சரியான கணக்குக்கூட இல்லை. டோமோகிச்சி அறைந்த கிழவரின் கன்னம்தான் எனக்கு முதலில் வலித்தது. அந்தக் கோபத்தோடுதான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"மறுபடியும் அதே மலை. இந்த வளைவில் நான் செத்திருக்கிறேன். போன தடவை வயிற்றுப்போக்கு. அதற்கு முந்தின தடவை பசி. இதைக் கார்ப்பரலிடம் சொன்னேன். அறைந்தார்."

நான் அருள்மேரியைத் திரும்பிப் பார்த்தேன். "இவனுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலையைச் சொறிந்தாள். "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூவாயிரம் பேரையும் புதுசா செய்யணும்க்கா. அதுக்கு ஒரு நாளாவுது. பூவராகன் சாரு அவசரம்னாரு. அதனால பழசையே எழுப்பி விட்டுட்டோம். ஞாபகத்த அழிக்கல."

"எத்தனை ஆட்டம் ஆச்சு?"

"பதினொண்ணு."

"அப்போ இவன் பதினோரு தடவை பட்டினி கிடந்து செத்திருக்கானா?"

"மூளைதானக்கா, உடம்பு இல்லியே." அவளே சொல்லிவிட்டு அவளே டப்பாவை மூடினாள். அன்றைக்குக் கருவாடு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டாவது ஆட்டம். ஒரு பயிற்சிக் கல்லூரிக்காக ஓய்வுபெற்ற பிரிகேடியர் தேவசகாயம் நேரில் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் இந்தப் படையை அப்படியே வாங்கி, மாணவர்களுக்காக ஒரு நாளைக்கு நூறு ஆட்டம் ஓட்டுவார்கள். அதாவது டோமோகிச்சி தினம் நூறு தடவை அந்த வளைவில் சாவான், ஒவ்வொன்றும் ஞாபகத்தில் இருக்க. ஒரே ஒரு தடவையாவது அவனை உயிரோடு வீடு சேர்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். தொழிற்சாலையில் ஒரு மொழிபெயர்ப்பால் ஒருவன் விரல் போகாமல் காப்பாற்றியிருக்கிறேன். இங்கே மூவாயிரம் பேர் வாய் திறந்து சொல்லியும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பூவராகனிடம் போனேன். "சார், சிப்பாய்களோட ஞாபகத்தை அழிச்சிடலாம்."

"அதெல்லாம் சின்ன கஷ்டம் மேடம். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பார்க்கலாம்."

"கொஞ்சம் சிரமம்தான்" என்பதற்குப் பூவராகனின் மொழியில் இதுதான் சொல். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆனால் டோக்கியோ நான்தானே? ஒத்திகையில் ஜெனரலுக்கு நேரடியாக உத்தரவு அனுப்பினேன்: பின்வாங்குக. பதிலாகத்தான் அந்த எழுத்துப்பிழைக் கடிதம் வந்தது. அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஜப்பானியத்தில் பின்வாங்கலுக்கும் முன்னேற்றத்துக்கும் உரிய எழுத்துகள் இரண்டுக்கும் கீழே ஒரே 'நடை'க் குறிதான். மேலே உள்ள பாகம்தான் வேறு. இரண்டும் நடைதான், எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. நான் மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் சிவப்பு வட்டம் போட்டுத் திருத்தி, மூன்றாவது தடவை 'தலைமையக எழுத்தர் களைத்திருப்பதாகத் தெரிகிறது, ஓய்வு தருக' என்று பரிவும் காட்டினார்.

அடுத்து, எதிரி விமானத்திலிருந்து துண்டறிக்கை போடச் சொன்னேன். எதிரி அருள்மேரிதானே! 'சரணடைந்தால் சோறு, மருந்து, கம்பளி' என்று நானே நல்ல ஜப்பானியத்தில் எழுதினேன். மறுநாள் டோமோகிச்சி எழுதியிருந்தான்: "வானத்திலிருந்து தாள் விழுந்தது. எழுத்து அழகாக இருந்தது. யாரோ படித்த பெண்மணி எழுதியிருக்க வேண்டும். நான் சரணடைந்தால் ஊரில் அம்மா யார் முகத்திலும் விழிக்க முடியாது. தாள் மெலிதாக இருந்ததால் வயிற்றுப்போக்குக்கு உதவியது. அந்தப் பெண்மணிக்கு நன்றி."

நான் மேசையில் தலை சாய்த்துக்கொண்டேன். அழுதேனா சிரித்தேனா என்று அருள்மேரிக்குத் தெரியவில்லை, எனக்கும்தான்.

"அந்தப் படை திரும்பவே திரும்பாதாக்கா? நெசத்துல என்ன செஞ்சாங்க?"

"நிஜத்துல ரொம்ப லேட்டாத் திரும்பினாங்க. வழியெல்லாம் எலும்பு. அந்தப் பாதைக்கே எலும்புப் பாதைன்னு பேர் வந்துச்சு. இந்த மாதிரி நேரத்துக்குன்னே அவங்க ஒரு வார்த்தை வச்சிருந்தாங்க. தென்ஷின். திசைமாறி முன்னேறுதல். தோத்து ஓடினா ஓட்டம்னு சொல்லாம, வேற பக்கம் முன்னேறினோம்னு பத்திரிகையில போடுவாங்க."

"சரி, அதையே சொல்லிப் பாருங்க."

"எழுதிட்டேன். எதை நோக்கி முன்னேறணும், எதிரி எங்கேன்னு கேக்கறார். இலக்கு வேணுமாம்."

அருள்மேரி பென்சிலைக் கடித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்: "அவங்க வீட்டையே புடிக்கச் சொல்லுங்களேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அன்று மாலைக்குள் உத்தரவு தயாராகிவிட்டது. என் வாழ்நாளில் நான் எழுதிய ஆகச் சிறந்த ஜப்பானியம் அதுதான். 'எந்த எதிரியும் எதிர்பாராத திசையில், எந்தப் படையும் இதுவரை துணியாத திடீர்த் தாக்குதல். ஒவ்வொரு வீரனும் தான் பிறந்த கிராமத்தைத் தாக்கிக் கைப்பற்ற வேண்டும். அறுவடை முடியும்வரை பிடித்த இடத்தை விட்டு அசையக் கூடாது.'

ஒரு சிக்கல் இருந்தது: நடுவில் கடல். கடலைத் தாண்டக் கடற்படையிடம் கப்பல் கேட்க வேண்டும், தரைப்படை கேட்காது. ஆகவே அருள்மேரி கடலையே எடுத்துவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைபடம் முடிகிற இடத்தில் மூவாயிரம் பேரின் ஊர்களையும் வரிசையாக ஒட்டினாள். நாட்குறிப்புகளில் இருந்ததை நான் வாசிக்க வாசிக்க அவள் வரைந்தாள்: வயல், வாய்க்கால், ஒழுகும் கூரை, வாசலில் அம்மா. டோமோகிச்சியின் மரத்தில் எத்தனை பழம் என்று கேட்டாள். அவன் எழுதவில்லை. நிறைய வை என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பிரிகேடியர் வந்தார். வெள்ளை மீசை, நேரான முதுகு, கையில் மூக்குக்கண்ணாடிப் பெட்டி. பூவராகன் அவருக்கு முந்திரி பக்கோடா வைத்தார். பெரிய திரையில் மலையும் மூவாயிரம் சிவப்புப் புள்ளிகளும். புள்ளிகள் இம்பாலை நோக்கி ஏறின. திரைக் கணக்கில் மூன்றாவது வாரம் அரிசி தீர்ந்தது. நான் உத்தரவை அனுப்பினேன்.

ஜெனரல் நான்கு வினாடி யோசித்தார். அவரைப் போன்ற மூளைக்கு நான்கு வினாடி என்பது நாலு மாதம். பிறகு திரையில் எழுத்து ஓடியது. நான் உரக்க மொழிபெயர்த்தேன்: "மகத்தான திட்டம். எதிரி இதை எதிர்பார்க்கவே மாட்டான். உடனே புறப்படுகிறோம். பேரரசு வாழ்க!"

மூவாயிரம் சிவப்புப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"என்ன மேடம் பண்றார் இவர்?" பூவராகனின் குரல் கீச்சென்றது.

"தாக்கறார் சார்."

"யாரை?"

"வீட்டை."

புள்ளிகள் மலையிறங்கி ஆற்றைத் தாண்டின. வரைபடத்தின் விளிம்புக்குப் போய்த் தனித்தனியாகப் பிரிந்தன. அறிக்கை வந்துகொண்டே இருந்தது, நான் படித்துக்கொண்டே இருந்தேன். 'நமது படை எதிர்ப்பின்றி மூவாயிரம் இலக்குகளைக் கைப்பற்றியது. ஒரு சமையலறை முற்றுகையிடப்பட்டது. எதிரித் தரப்பில் தாய்மார்கள் அழுதனர். நம் தரப்பிலும் சிலர்.'

ஒரு புள்ளி மரத்துக்குக் கீழே போய் நின்றது. அருள்மேரி மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரிகேடியர் கடைசிவரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு புத்திசாலி ஜெனரலை நான் பார்த்ததில்ல" என்றார்.

பூவராகனின் முகம் மலர்ந்தது. "அப்போ சார், ஒப்பந்தம்..."

"வேண்டாம்ப்பா. இதைப் பார்த்து நம்ம பசங்க கத்துக்கிட்டா அப்புறம் எல்லையில யாரு நிப்பா?" எழுந்தவர் வாசலில் ஒரு நிமிடம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல உத்தரவும்மா" என்று மட்டும் சொன்னார்.

ஒப்பந்தம் போயிற்று. பூவராகன் இரண்டு நாள் அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தார். முதலீட்டாளர்களுக்குத் தோல்வியை எழுத்தில் சொல்ல வேண்டும், கை வரவில்லை. வேறு வழியின்றி ஜெனரலையே ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஜெனரல் எழுதினார்: 'பெருங்குடி முனையில் நமது நிறுவனம் வகுத்த நோக்கத்தை முழுமையாக நிறைவேற்றிவிட்டுத் திசைமாறி முன்னேறுகிறது.' முதலீட்டாளர்கள் வாழ்த்து அனுப்பினார்கள்.

"மேடம், இவரு சாதாரண ஆளில்ல!" பூவராகன் அறைக்கு வெளியே ஓடிவந்தார். "நம்ம ஆபீஸ் நிர்வாகத்தையே இவர்கிட்டக் குடுத்துடலாம்."

கொடுத்தார். தரைப்படை அலமாரி நிர்வாக அலமாரி ஆயிற்று. ஒரு வாரத்தில் டீ வருவது நின்றது. கேட்டவர்களுக்கு மனவலிமை பற்றிச் சுற்றறிக்கை வந்தது. குழுத்தலைவர் மேலாளரைத் திட்ட, மேலாளர் புதிதாகச் சேர்ந்தவரைத் திட்ட, அவர் வாட்ச்மேனைத் திட்டினார். வாட்ச்மேன் நாயை விரட்டினார். இரண்டாவது வாரம் பன்னிரண்டு பேருக்குக் கடிதம் வந்தது, எனக்கும் ஒன்று. 'தங்கள் பணி வெள்ளிக்கிழமை முதல் திசைமாறி முன்னேறுகிறது.' நான் சொல்லிக்கொடுத்த இலக்கணம். ஒரு பிழைகூட இல்லை.

எனக்கு அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் வேறொன்று பெரிதாக வலித்தது. கடைசி நாள் காலையில் பூவராகன் கூப்பிட்டார்.

"மேடம், போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உத்தரவு. அந்தச் சிப்பாய்ங்க எல்லாம் சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கறாங்க. எல்லாத்தையும் அழிச்சிடச் சொல்லுங்க. ஜெனரலே செய்யட்டும்."

"சார், அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க..."

"மேடம். மூளைதான்."

நான் எழுதினேன். எழுதாவிட்டால் அருள்மேரியை எழுதவைப்பார், அவளுக்கு வேலை வேண்டும். டோமோகிச்சியை மலையிலிருந்து இறக்கிய அதே கையால் அழிப்பு உத்தரவை எழுதி, ஜெனரலுக்கு அனுப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். மனசுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பர்மாக்காரக் கிழவரிடம் அவன் ஒருநாளும் கேட்க முடியாமல் போவதற்கும் சேர்த்து.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. பூவராகன் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன சொல்றார்?"

நான் வாசித்தேன். "கடும் போருக்குப் பின் ஒன்பதாயிரம் சிப்பாய்களும் அடியோடு அழிக்கப்பட்டனர். நம் தரப்பில் இழப்பு மிகச் சொற்பம். மாபெரும் வெற்றி. பேரரசு வாழ்க!"

"ஒன்பதாயிரமா? பிரமாதம்!" என்று கைதட்டினார் பூவராகன். அவருடைய கம்பெனியில் எத்தனை சிப்பாய்கள் என்று அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். மூவாயிரம். கடந்த பல வாரங்களாக ஜெனரலின் அறிக்கைகளை மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறேன். எதிரி விமானம் ஒன்று விழுந்தால் மூன்று என்பார். ஒன்றும் விழாவிட்டால் பெரிய எண்ணாகச் சொல்லி 'மாபெரும் வெற்றி' என்பார். உண்மையிலேயே ஏதாவது சாதித்த நாளில் 'கடும் போர்' என்ற வார்த்தையே வராது.

திரும்பி அருள்மேரியைப் பார்த்தேன். அவள் தன் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மிக மெதுவாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். ஒருத்தன்கூட அழியவில்லை.

"மொழிபெயர்ப்பு சரிதானே மேடம்? ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"வார்த்தைக்கு வார்த்தை சரி சார்" என்று கையெழுத்துப் போட்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் அடிக்குறிப்பு சேர்க்காமல் விட்ட ஒரே அறிக்கை அதுதான்.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன், வேறு வேலை தேடிக்கொண்டு. மாதம் ஒருமுறை அருள்மேரி யாருக்கும் தெரியாமல் டோமோகிச்சியின் நாட்குறிப்பிலிருந்து ஒரு பக்கம் அனுப்புகிறாள். இந்த மாதத்துப் பக்கம் நேற்று வந்தது.

"மழை. கூரை ஒழுகுகிறது. அம்மா பாத்திரம் வைத்திருக்கிறாள். பழம் இவ்வளவு காய்த்து நான் பார்த்ததில்லை. பத்துப் பழத்தைத் தனியாக எடுத்து வைத்தேன், அந்தச் சுமைதூக்கிக்கு. எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளவில்லை. டோக்கியோவிலிருந்து இன்றும் உத்தரவு எதுவும் வரவில்லை."

வராது தம்பி. டோக்கியோ இங்கே குக்கரில் மூன்றாவது விசிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.